போலீஸின் தொலைபேசி ஒட்டுக்கேட்புக் கோப்பை வைத்து ஆராய்வதா, போதைப்பொருள் விற்கும் தெருவிலேயே குடியேறி ஆராய்வதா?

போதைப்பொருள் வலையமைப்புகளை ஆராய வரும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

என்ன தெரியும்?
கோப்பு: கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு போதைப்பொருள் கடத்தல் கூட்டத்தின் மீது 1994 முதல் 1996 வரை நடந்த ‘கேவியர்’ என்ற போலீஸ் விசாரணையின் பதிவுகளை குற்றவியல் ஆய்வாளர் கார்லோ மோர்செல்லி ஆராய்ந்தார். போலீஸ் 11 முறை சரக்கைப் பறித்தது. ஆனால் விசாரணையின் இறுதிக் கட்டம் வரும்வரை யாரையும் கைது செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்தக் கூட்டம் தன்னை எப்படி மாற்றி அமைத்துக்கொண்டது, ஹஷீஷிலிருந்து (கஞ்சாப் பிசின்) கொக்கெயினுக்கு எப்படி நகர்ந்தது என்று பார்க்க முடிந்தது. தெருவில் நின்று பார்த்தால் இது பிடிபடாது.

தெரு: மானுடவியலாளர் பிலிப் பூர்குவா 1985இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் குடியேறினார். ஒருநாள் தன் படம் வந்த செய்தித்தாளை கிராக் (புகைக்கும் வகைக் கொக்கெயின்) விற்பனைக் கூட முதலாளியிடம் ஆசையாகக் காட்டினார். அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. எல்லார் முன்னாலும் அவமானம், அப்புறம் கடும் கோபம். எழுத்தறிவில்லாத அந்த வலியை எந்த ஒட்டுக்கேட்பும் பிடிக்காது.

காலம்?
கோப்பு: கையில் கிடைத்துவிட்டால் சில மாதங்கள்.
தெரு: ஆண்டுகள்.

ஆபத்து?
கோப்பு: போலீஸ் கண்ணில் பட்டவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள், அந்த ஓட்டை உங்கள் முடிவிலும் இருக்கும்.
தெரு: உங்கள் உயிருக்கு. உங்களை நம்பிப் பேசியவர்களுக்கும்தான். எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, எதை எடுப்பது? போலீஸ் நடவடிக்கை வலையமைப்பை எப்படி மாற்றுகிறது என்பது உங்கள் கேள்வியானால், கோப்பு. ஒருவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறார் என்பதானால், தெரு. இரண்டு வருட முதுகலைப் படிப்புக்குள் முடிக்க வேண்டுமா? யோசிக்காமல் கோப்பை எடுங்கள்.