சென்டரோடு 12 வருஷக் குடித்தனம்
"விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல இன்னும் சென்டரை காஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேரம் பார்த்துக் கேட்டார். அன்று மதியம்தான் ஒரு ஹோட்டல் கல்லாவில் நின்று வியர்த்துவிட்டு வந்திருந்தேன்.

அங்கே ஓடுவது நான் சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் திரைகளை உருவாக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸை வைத்து எழுதிய பில்லிங் புரோகிராம். மேஜைக்கு ஒன்றாக 24 பட்டன், எல்லாவற்றுக்கும் ஒரே கிளிக் ஹேண்ட்லர், அதாவது பட்டனை அழுத்தினால் ஓடும் நிரல். முதல் வரியில் சென்டரை (sender: எது அழுத்தப்பட்டது என்று ஹேண்ட்லருக்கு வரும் பொருள்) பட்டனாகக் காஸ்ட் செய்வேன், அதாவது 'இதைப் பட்டனாக எடுத்துக்கொள்' என்பேன். அடுத்த வரியில் அதன் டேகை (பட்டனோடு ஒட்டிவைக்கும் குறிப்பு) இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக எடுத்தால் மேஜை எண். 24 ஹேண்ட்லரை அழித்துவிட்டு இந்த இரண்டு வரியை வைத்த நாளின் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

எரிச்சலும் அங்கேதான். அழுத்தியது பட்டன் என்று எனக்குத் தெரியும், ஆனால் கைக்கு வருவது வெறும் ஆப்ஜெக்ட், எதுவாகவும் இருக்கக்கூடிய பொது டைப். 2005-இல் டாட்நெட் 2.0-வோடு (சி ஷார்ப் நிரல் ஓடும் தளம்) டைப்பை நாமே குறிப்பிடக்கூடிய ஜெனரிக் ஈவென்ட்ஹேண்ட்லர் வந்தபோதும், நிகழ்வின் விவரம் வரும் இரண்டாவது அளவுருவுக்குத்தான் யோகம் அடித்தது. சென்டர் அப்படியே கிடந்தது.

மாடியில் புதிதாக ஆறு மேஜை போட்டார்கள். டிசைனரில் (திரையை வடிவமைக்கும் இடம்) ஆறு பட்டன் வைத்து, ப்ராப்பர்ட்டீஸில் டேகுக்கு 25, 26 என்று தட்டிவிட்டு வந்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் 25-ஐத் தொட்டதும் இன்வேலிட் காஸ்ட் எக்ஸெப்ஷன், அதாவது காஸ்ட் செல்லாது என்ற பிழை. பழைய கோபத்தில் சென்டர் மேலேயே பாய்ந்தேன். காஸ்டை எடுத்துவிட்டு, பட்டன்தானா என்று சோதிக்கும் 'இஸ் பட்டன்' போட்டேன். அதே பிழை. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது: டேகும் ஆப்ஜெக்ட்தானே! பழைய பட்டன்களுக்கு லூப்பில் இன்ட்டாக வைத்திருந்தேன்; டிசைனரில் தட்டியதோ ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. பிழைச் செய்தியைச் சரியாகப் படித்திருந்தாலே போதும். பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் சென்டர் காஸ்ட் தோற்றால் இரண்டு டைப்பின் பெயரையும் சொல்லும். இங்கே வெறுமனே காஸ்ட் செல்லாது என்று மட்டும் இருந்தது.

ஆக, சென்டர் நிரபராதி. இருந்தாலும் புதிதாக எழுதுபவருக்கு இந்தக் காஸ்ட் வழியைச் சொல்லித்தர மாட்டேன். லூப்புக்குள் லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதி மேஜை எண்ணை நேரே கொடுங்கள், காஸ்டே வேண்டாம். ஃபார் லூப் என்றால் எண்ணை உள்ளே ஒரு தனி மாறியில் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் எந்த மேஜையைத் தொட்டாலும் ஒரே எண்தான் வரும்.

நான் மாற்றினேனா? இல்லை. டேக் வரியில், எழுத்தாக இருந்தாலும் எண்ணாக மாற்றித் தரும் கன்வர்ட் டு இன்ட்32 போட்டேன், ஒரு காபி குடித்தேன், கிளம்பிவிட்டேன்.