ஊரிகா மலைத்தோட்ட விடுதி: ஏலக்காட்டிலிருந்து போனவள் பார்த்தது

மொராக்கோ நாட்டில், அட்லஸ் மலையடிவாரத்து ஊரிகா பள்ளத்தாக்கில் ஒரு தோட்ட விடுதியில் இந்த ஏப்ரலில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்தோம். எங்களுக்கு இடுக்கி அணைக்கரை பக்கம் ஏலக்காடு, குடியிருப்பு கம்பத்தில். காட்டுக்குள் இருக்கும் பழைய வீட்டில் இரண்டு அறைகளை, தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். வந்தவர்களைக் கவனிப்பது எனக்குத் தொழில் என்பதால், எங்கே தங்கினாலும் என் கண் சமையற்கட்டுப் பக்கமும் தோட்டக்காரர் பக்கமும்தான் போகும். குமுளி, மூணாறு, வாகமண் பக்கம் விடுதி நடத்துகிற நம்மவர்கள் இந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவு நன்றாக நடத்துகிறார்கள்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொச்சியிலிருந்து துபாய், அங்கே மகள் எங்களோடு சேர்ந்துகொண்டாள், பிறகு காசாபிளாங்கா. அங்கிருந்து மராகேஷுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மராகேஷிலிருந்து விடுதிக்குக் காரில் ஒரு மணி நேரம். இந்தக் கடைசிப் பயணத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிற கார்களை நம்ப வேண்டாம். நாங்கள் பிடித்த டிரைவர் கேட்காமலே, ஆர்கன் என்ற அந்த ஊர் மரத்துக் கொட்டையில் எடுக்கிற எண்ணெய் விற்கும் ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்தி, வாங்காமல் கிளம்பியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேசிய வாடகைக்கு மேலும் கேட்டார். விடுதியிலேயே சொன்னால் கார் அனுப்புகிறார்கள்.

இறங்கியதும் ஃபாரம் நிரப்பச் சொல்லவில்லை, பாஸ்போர்ட்டும் கேட்கவில்லை. மூக்கு வைத்த கெண்டியையும் பித்தளைத் தட்டையும் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். கையை நீட்டினால் ஆரஞ்சுப் பூ மணக்கும் தண்ணீரை ஊற்றினார். அப்புறம் பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணத்தில் பாலும். மலை ஊர்களில் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு முதலில் கொடுப்பது இதுதான். எங்களை வரவேற்றவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். சமையற்கட்டில் ரொட்டி சுடுகிறவர் அவருடைய அம்மா. வாய்க்கால் பார்க்கிறவர் சித்தப்பா முறை. என்னை ‘லல்லா’ என்று மரியாதையாகவே கூப்பிட்டார்கள். வேலைக்கு ஆள் வைத்து நடத்துகிற விடுதிக்கும், ஊர்க்காரர்களே நின்று நடத்துகிற விடுதிக்கும் உள்ள வித்தியாசம் வந்து இறங்கிய பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

டீயைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்ல வேண்டும். வண்டிப்பெரியாறு தேயிலை ஃபேக்டரிகளின் வாசனையில் வளர்ந்தவள் நான். ஆனால் நமக்குப் பழக்கமானது பாலில் கொதிக்க வைக்கிற சிடிசி தூள்தான். அங்கே சின்ன உருண்டைகளாகச் சுருண்ட சீனத்துப் பச்சைத் தேயிலை. எங்களை வரவேற்றவர் அதைக் கெட்டிலில் போட்டு, கொஞ்சமாகக் கொதிநீர் விட்டு, அந்த முதல் சாற்றை ஒரு கிளாஸில் தனியே எடுத்து வைத்தார். அடுத்து ஊற்றிய தண்ணீரில் தேயிலையைக் குலுக்கி அலசிக் கீழே கொட்டினார். கசப்பும் தூசியும் அதோடு போய்விடுமாம். எடுத்து வைத்த சாற்றை மறுபடி கெட்டிலில் சேர்த்து, தண்ணீர் நிரப்பிக் கரியடுப்பில் வைத்தார். கொதி வந்ததும் ஒரு பிடி புதினாவைக் காம்போடு உள்ளே அமுக்கினார். கூம்பாக வார்த்த வெள்ளைச் சர்க்கரையைச் சின்னச் சுத்தியலால் தட்டி, உடைந்த கட்டிகளைப் போட்டார். கரண்டி தொடவே இல்லை. ஒரு கிளாஸ் ஊற்றுவார், அதைத் திரும்பக் கெட்டிலில் கவிழ்ப்பார். இப்படி நாலைந்து முறை. கடைசியில் முழங்கை உயரத்திலிருந்து ஊற்றியபோது கிளாஸின் மேலே நுரை கட்டியது. நுரை வராவிட்டால் அவருக்குத் திருப்தி இல்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார், ஆனால் மனசில்லாமல். எனக்கு அதுவும் பிடித்தது.

வீடு மண் வீடு. பலகை அடைத்து நடுவே ஈரமண்ணைப் போட்டு இடித்து இடித்து எழுப்பிய சுவர், அரை மீட்டருக்கு மேல் கனம். பகல் வெயில் உள்ளே வராது. குளியலறைச் சுவருக்குத் ‘ததெலாக்த்’ என்ற சுண்ணாம்புப் பூச்சு. பூசியபின் ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, கறுப்பு சோப்பைத் தடவி மெருகேற்றுகிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்காது. கையை வைத்தால் வழவழவென்று இருக்கிறது. ஒரு டைல்ஸ் கூட இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். மூணாறு பக்கம் மலையை வெட்டி ஐந்து மாடி கான்கிரீட் எழுப்பி, வாசலில் ‘இயற்கையின் மடியில்’ என்று போர்டு வைக்கிறவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கு வருகிறேன். இந்த விடுதிக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி இதற்குத்தான். சரிவு முழுக்கக் கல் கையாலை கட்டி அடுக்கடுக்காக நிலம். ஆலிவ், பாதாம், மாதுளை, அத்தி, கீழே ஆற்றோரம் அக்ரூட். கையாலை ஓரங்களில் ஐரிஸ் நீலமாகப் பூத்திருந்தது. அதன் கிழங்கு வாசனைத் திரவியத்துக்குப் போகிறதாம். ரோஜா, லாவெண்டர், ரோஸ்மேரி எல்லாம் இருக்கின்றன. ஆனால் அழகுக்காக மட்டும் வைத்த செடி குறைவு. காலையில் பறித்த கீரையும் புதினாவும் மதியம் தட்டுக்கு வந்துவிடுகின்றன. தலைக்கு மேலே தூரத்தில் பனி மூடிய சிகரங்கள். அந்த மலைத்தொடரில்தான் துப்கால் இருக்கிறது, 4,167 மீட்டர், வட ஆப்பிரிக்காவிலேயே உயரமானது. நம் ஆனைமுடி 2,695.

இவ்வளவுக்கும் அது மழை குறைந்த சீமை. மராகேஷில் வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் கூடத் தேறாது. ஏலமலையில் 2,000 மில்லிமீட்டர் பார்த்துப் பழகிய எனக்கு அந்தத் தோட்டம் எப்படி நிற்கிறது என்பது முதலில் பிடிபடவில்லை. எல்லாம் ‘செகியா’ என்கிற வாய்க்கால் செய்கிற வேலை. ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீரைத் திருப்பி, மலையின் இடுப்போடு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை மணி நேரம் என்று முறை உண்டு. ஊர்க்கூட்டம் வைத்த முறை. விடுதிக்கும் அதன் நிலத்துக்கு உரிய முறை மட்டும்தான், காசு கொடுத்தாலும் கூடுதலாகக் கிடைக்காது என்றார் வாய்க்கால் பார்ப்பவர்.

அவருடைய முறை ஒருநாள் விடியற்காலையில் வந்தது. சொல்லி வைத்திருந்தேன், கதவைத் தட்டினார், கூடவே போனேன். மடைக்கு ஷட்டர் எதுவும் கிடையாது. ஒரு தட்டைக் கல், அதைச் சுற்றிக் கந்தல் துணி, மேலே குழைத்த மண். மண்வெட்டியால் மண்ணை ஒரு இழுப்பு இழுத்து, கல்லைப் புரட்டினார். தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. அது பாத்திக்கு வருவதற்கு முன்னால் அவர் அங்கே போய் நின்றார். ஒரு பாத்தி நிறைய வேண்டிய நேரம் அவருக்குக் கணக்கு. பார்க்காமலே திரும்பி அடுத்த பாத்தியை வெட்டிவிட்டார். ஒரு பாத்தியை மட்டும் தாண்டிப் போனார். ஏன் என்று கேட்டேன். அது குங்குமப்பூ, இலை பழுக்கிற காலம், இனி கோடை முழுக்க அதற்குத் தண்ணீர் காட்டினால் கிழங்கு அழுகிவிடும் என்றார். ஒரு கிராம் குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூ வேண்டும். அந்தக் கிழங்கை அவர் காப்பாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

1895-ல் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையிலிருந்து வருகிற தண்ணீரில் பிழைக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்காரிக்கு முறைத் தண்ணீர் புதிதில்லை. ஆனால் மேலே ஏலக்காட்டில் நாங்கள் தண்ணீரைப் பற்றி யோசித்ததே இல்லை. 2024 கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் கருகியபோதுதான் யோசித்தோம். எங்கள் ஏலச்செடித் தட்டைகளும் சாய்ந்தன, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அந்தத் தோட்டத்தில் நின்றபோது, தங்க வருகிறவர்களுக்கு நாம் காட்ட வேண்டியது வியூ பாயிண்ட் மட்டுமில்லை, ஓடைத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதையும்தான் என்று பட்டது. அருவிக்கும் படகுக்கும் கூட்டிப்போகிறோம். ஏலத்துக்கு நனைப்பு வைப்பதையும், ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் காய் காயவைப்பதையும் யாரும் கேட்டால்தான் காட்டுகிறோம்.

சாப்பாடு. தஜீன் என்கிற மண்சட்டி, கூம்பு மூடி. உருளை, கேரட், சுரைவகைக் காய்கள், பட்டாணியைக் கோபுரமாக அடுக்கிக் கரித்தணலில் மெதுவாக வேக வைத்தது. உப்பில் ஊறிய எலுமிச்சையும் ஆலிவும் போட்ட கோழி. ஆட்டுக்கறியோடு உலர்ந்த பிளம். காரம் நமக்குப் போதாது, மிளகாய் விழுது கேட்டால் தருகிறார்கள். எல்லாரும் ஒரே சட்டியில், அவரவர் முன்பக்கம் இருப்பதை ரொட்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். கறி நடுவில் இருக்கும். நல்ல துண்டாகப் பார்த்து, விருந்து வைக்கிறவர் விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் குஸ்குஸ் என்கிற, ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை, மேலே காய்கறி, கூடவே மோர். எங்கள் வீட்டுக்காரர் மோரைப் பார்த்ததும் நிம்மதியானார். காலையில் பாதாமும் ஆர்கன் எண்ணெயும் தேனும் அரைத்த ‘அம்லூ’, சுடச்சுட ரொட்டியோடு. அதற்கு ஈடாக நான் அங்கே வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் காட்டு ஏலக்காயைக் கொஞ்சம் கொண்டு போயிருந்தேன், நல்ல பச்சை, எட்டு எம்எம் காய். ரொட்டி சுடுகிற அம்மாவிடம் கொடுத்தேன். அவர்களுடைய ‘ரஸ் எல் ஹனூத்’ மசாலாவிலேயே ஏலம் உண்டு. அவர் ஒரு காயைப் பல்லால் உடைத்து, விதையை மென்று, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் காப்பியில் அது மணத்தது.

இந்த மக்கள் தங்களை அமாசிக் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வெளியார் பெர்பர் என்கிறார்கள். இவர்கள் மொழி 2011 அரசியல் சட்டத்தில்தான் ஆட்சிமொழி ஆனது. 2024 முதல் இவர்களுடைய வருடப் பிறப்புக்கு அரசு விடுமுறை. சாலையோர அரசு போர்டுகளில் அரபியோடு இவர்கள் மொழியின் திஃபினாக் எழுத்தும் நிற்கிறது. கேரளத்துக்குள் மூணாறிலும் பீர்மேட்டிலும் தமிழ் மீடியத்தில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் போர்டைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 செப்டம்பர் 8 இரவு இந்த மலைகளில் 6.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. சுமார் 3,000 பேர் போய்விட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு மலை மேலே வீடு இடிந்திருந்தது. மகள் பிரெஞ்சில் கேட்டு எனக்குச் சொன்னாள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவு வந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போனதையும், 70 பேர் போனதையும் நான் அவருக்குச் சொன்னேன். அதையும் மகள்தான் மாற்றிச் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இந்த விடுதி மாதிரி இடங்களில் கொடுக்கிற காசு அந்தக் கிராமங்களுக்குள்ளேயே சம்பளமாகப் போகிறது என்பதும் போகச் சொல்வதற்கு ஒரு காரணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை நீச்சல் குளம். வருடக்கணக்காக வறட்சி பார்த்த நாட்டில், ஊரே மணிக்கணக்குப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிற இடத்தில், அவ்வளவு பெரிய குளம் தேவையே இல்லை. கிளம்பும்போது இதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வெந்நீர் வரக் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது, அதுவும் வீண். மேல் அடுக்கு அறைகளுக்கு ஏகப்பட்ட கற்படிகள், லிஃப்ட் கிடையாது. மூட்டுவலி உள்ளவர்கள் கீழ் அடுக்கு அறையைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி நன்றாகக் குளிர்கிறது. கணப்பு மூட்டித் தருவார்கள், எங்கள் அறையில் புகை திரும்பி உள்ளேயே வந்தது. ஹம்மாம் என்கிற நீராவிக் குளியலுக்குத் தனிக் கட்டணம். கறுப்பு சோப்பு பூசி, சொரசொரப்பான கையுறையால் தேய்த்து அழுக்கெடுக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மராகேஷில் அதில் பாதி விலைக்கே முடியும்.

எங்கள் அறைக்கு ஒரு இரவு 2,400 திர்ஹாம், காலைச் சாப்பாடு சேர்த்து. ஒரு திர்ஹாம் ஒன்பது, பத்து ரூபாய் என்று வையுங்கள். நமக்கு அது பெரிய தொகைதான். மூணாறில் பெரிய ரிசார்ட்டுகளில் சீசனில் கேட்கிற தொகைதான் என்றாலும், அங்கே ஏமாந்த மாதிரி இருக்கும், இங்கே அப்படி இல்லை. திர்ஹாம் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம், மொராக்கோ போய் மாற்றிக்கொள்ளுங்கள். விசாவை முன்னாலேயே பார்த்துவிடுங்கள், நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும்.

குங்குமப்பூ பறிப்பைப் பார்க்க ஆசைப்பட்டால் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம்; வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிடுவார்களாம். எங்களுக்கு அது காய் எடுப்பு நேரம், காட்டை விட்டு நகர முடியாது. மற்றவர்கள் போகலாம். எப்போது போனாலும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள், திங்கட்கிழமையும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. அன்றைக்குத்தான் த்னீன் ஊரிகாவில் சந்தை.