அரசு வங்கி செயலி: பல வருடம் பயன்படுத்திய பிறகு

என் சம்பளக் கணக்கு ஒரு பொதுத்துறை வங்கியில். மளிகை, ஆட்டோ, டீக்கடை எல்லாவற்றுக்கும் பணம் போவது அந்தக் கணக்கிலிருந்துதான். ஆனால் திறப்பது ஃபோன்பே அல்லது கூகுள் பே. 2016இல் யுபிஐ வந்தபோது பணம் வங்கிகளிடமே இருந்தது, இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் தினமும் பார்க்கும் திரைதான் கைமாறிப் போனது. அதைத் திரும்பப் பிடிக்க வங்கிகள் சொந்தச் செயலிகளில் இறங்கின. 2017இல் எஸ்பிஐ யோனோவைக் கொண்டுவந்தது. என் வங்கியும் ஒன்று கொண்டுவந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். எஃப்டி போடுவதற்கு இதைவிட வசதி வேறில்லை. தொகை, காலம், நாமினி கொடுத்தால் ரசீது கையில். முன்கூட்டியே முடிப்பதும் அதிலேயே. வட்டியில் வரி பிடிக்காமலிருக்க அப்பாவுக்காக ஏப்ரலில் கொடுக்கும் படிவத்துக்கும் இப்போது வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுவதால் ஞாயிற்றுக்கிழமையும் வாடகை அனுப்ப முடிகிறது.

பிரச்சினை போனை மாற்றும்போதுதான். பதிவு செய்த சிம்மிலிருந்து செயலி தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அந்த சிம் இரண்டாவது ஸ்லாட்டில் இருந்தாலோ, எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸ் இல்லாவிட்டாலோ வேலை நடக்காது. காரணத்தைச் சொல்லாமல், 'பிறகு முயலவும்' என்று மட்டும் வரும். கிளைக்குப் போனால் "கஸ்டமர் கேருக்குப் பண்ணுங்க சார்" என்பார்கள். அங்கே கேட்டால், கிளைக்குப் போகச் சொல்வார்கள். கவுன்டரில் இருப்பவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இருக்கிற இரண்டு பேரும் நகைக்கடனும் பார்க்க வேண்டும், பாஸ்புக்கும் போட வேண்டும். செயலிக்குச் செலவழித்த வங்கி, அதைச் சொல்லிக்கொடுக்கக் கிளைக்கு ஒருவரைப் போட்டிருக்க வேண்டும். அப்பா வயதுக்காரர்கள் அதை நம்பாததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் காரணம்.

அப்புறம், யுபிஐயில் பணம் போய்ச் சேராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் பதற வேண்டாம். ஒருவருக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியதென்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. என் கிளையில் இதை யாரும் தாமாகச் சொன்னதில்லை. பரிவர்த்தனை எண்ணோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே, கட்டணமில்லாமல், புகாரைப் பதியலாம்.