800 ரூபாய் கூடக் கொடுத்து வெயிலில் நின்ற கதை: லீவுக்குத் தீம் பார்க் போகிறவர்கள் கவனத்துக்கு

பரீட்சை முடியப் போகிறது. போனைத் திறந்தாலே தீம் பார்க் ஆஃபர்கள் வந்து விழ ஆரம்பித்துவிட்டன. இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் 2025 மே மாதம், சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய பார்க்குக்குக் குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்டோம். புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. நாங்கள் ஏமாந்த விதம் எந்தப் பார்க்கிலும் நடக்கக்கூடியது என்பதால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நானும் வீட்டுக்காரரும், 12 வயது மகள், 8 வயது மகன், என் மாமியார். திருச்சியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்துவிட்டுக் கிளம்பினோம். கத்திரி மே 4-ல் ஆரம்பித்து 28 வரை ஓடும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதானே! புதன்கிழமை போனால் கூட்டம் இருக்காது என்பது வீட்டுக்காரர் போட்ட கணக்கு. மே மாதத்தில் புதன்கிழமை என்று ஒன்று கிடையாது, எல்லாமே ஞாயிறுதான் என்பது வாசலில் போய் நின்றபோது தெரிந்தது.

டிக்கெட் ஆளுக்கு 1,300 ரூபாய். அதற்கு மேல் 800 கொடுத்தால் ஃபாஸ்ட் ட்ராக். விளம்பரத்தில் அதற்குப் போட்டிருந்த வரி, "வெயிலில் வரிசையில் நிற்க வேண்டாம்". அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். அத்தை எந்த ரைடிலும் ஏறமாட்டார் என்பதால் அவரை விட்டு மற்ற நான்கு பேருக்கும். மொத்தம் 9,700, ஆன்லைனில் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

வாசலிலேயே தண்ணீர் போயிற்று. ஐந்து பாட்டில் கொண்டுபோயிருந்தோம், ஒன்றில் நன்னாரி. பையைத் துழாவிய பையன், "மேடம், வெளித் தண்ணி அலவ்டு இல்லை. உள்ளே ஆர்ஓ வாட்டர் ஃப்ரீயா இருக்கு" என்றான். அத்தை விடவில்லை. "ஏன் தம்பி, தண்ணிக்குமா தடை? பச்சப்புள்ளைங்க வந்திருக்கு." அவன் பதில் சொல்லாமல் ஒரு டிரம்மைக் காட்டினான். அதில் ஊரார் பாட்டில்கள் விளிம்பு வரை கிடந்தன. அவனுடைய ஸ்டூலுக்கு அடியில் பழைய கோலா பாட்டில் ஒன்றில் அவனுக்கான தண்ணீர், அதுவும் பாதி வெயிலில். அவனைத் திட்ட மனம் வரவில்லை.

உள்ளே ஃப்ரீ தண்ணீர் இருந்தது உண்மைதான். நான் பார்த்த வரை மொத்தம் இரண்டு இடம். ஒன்றில் நான்கு குழாய், மூன்றில் காற்று வந்தது, நான்காவதில் வெந்நீர் வந்தது. கடையில் அரை லிட்டர் பாட்டில் 40 ரூபாய். திருப்பிப் பார்த்தால் அச்சிட்ட விலையே 40. அதே கம்பெனியின் அதே பாட்டிலை அன்று காலைதான் வெளியே பத்து ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்று எடையளவு விதியில் 2018-லிருந்தே இருக்கிறது. கடையில் இருந்தவரிடம் சொன்னேன். "அக்கா, நான் சம்பளத்துக்கு நிக்கிறேன்" என்றார். சரி என்று பாட்டிலையும் பில்லையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஃபாஸ்ட் ட்ராக்குக்கு வருகிறேன். வயிற்றெரிச்சல் அங்கேதான்.

பெரிய ரைடுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல். சாதாரண வரிசைக்கு மேலே தகரக் கூரை போட்டு, ஓரத்தில் பெரிய ஃபேன்கள்கூட வைத்திருந்தார்கள். ஃபாஸ்ட் ட்ராக் பாதைக்குக் கூரையே கிடையாது. ஏன் போடவேண்டும்? அது ஆள் நிற்காமல் நேரே நடந்து போகிற வழி என்றுதானே கட்டியிருக்கிறார்கள். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் டிக்கெட்டை விற்றால் அங்கேயும் வரிசை வரத்தானே செய்யும்? 1,300 ரூபாய்க்காரர்கள் நிழலில் நகர்ந்துகொண்டிருந்தார்கள், 2,100 கொடுத்த நாங்கள் வெயிலில் நின்றோம். இரும்புக் கம்பியைப் பிடித்த மகள் கையை உதறிக்கொண்டாள்.

நின்றபடியே எண்ணினேன். ஒரு சுற்றுக்கு 24 பேர். ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்க 6 நிமிஷம். அப்படியானால் மணிக்கு 240 பேர். பாதி சீட் சாதாரண வரிசைக்கு, பாதி எங்களுக்கு. எங்களுக்கு முன்னால் 90 பேராவது இருந்தார்கள். ஆக முக்கால் மணி நேரம். வரிசையில் நுழைவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் திரும்பி நடந்திருப்பேன். ஒரு சுற்றை மட்டும் வாட்சில் பார்த்து, சீட்டை எண்ணினால் போதும், ஆறேழு நிமிஷ வேலை. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள், இழுக்கட்டும்.

இறங்கி அடுத்த ரைடுக்குப் போனால் மூடியிருக்கிறது. அதற்கடுத்ததும். ஃபாஸ்ட் ட்ராக் பட்டியலில் இருந்த 12-ல் நான்கு மூடியிருந்தன. ‘பராமரிப்புப் பணி’ என்று லேமினேட் செய்த அட்டை தொங்கியது. எழுத்து வெளுத்து, ஓரம் சுருண்டிருந்த அட்டை! அன்று காலை பழுதானதற்கு மாட்டியது மாதிரித் தெரியவில்லை. தண்ணீர்ச் சறுக்குகளாவது உண்டா என்றால், அவற்றுக்கு ஃபாஸ்ட் ட்ராக் செல்லாதாம், நிபந்தனைகளின் கடைசி வரியில் இருக்கிறதாம். அங்கே பருத்தி உடை கூடாது, நைலான்தான் என்பதால் அதற்கும் தனியாகச் செலவு. நூல் போய் ஃபில்டரை அடைக்கும் என்பதால் அது நியாயம்தான், குறை சொல்லமாட்டேன். செருப்பை வாசலில் விடச் சொல்லிவிட்டு, ஒரு சறுக்கிலிருந்து அடுத்ததற்குப் பொரியும் சிமென்ட் தரையில் நடக்கவிட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு மேட்டிங் விரிக்க என்ன செலவாகிவிடும்? பெரியவர்களே தவளை மாதிரி தாவிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி தாண்டியதும் மகன் பேச்சை நிறுத்தினான். அவன் பேசவில்லை என்றால் எங்கள் வீட்டில் தெர்மாமீட்டரைத் தேடுவோம். தலை வலிக்கிறது என்றான், குனிந்து வாந்தி எடுத்தான். பனியன் பிழியலாம் போல நனைந்திருந்தது. சென்னை வெயிலில் டிகிரியை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை. காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை ஆறாது, ஆறாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

மேப்பில் சிவப்புச் சிலுவை போட்ட முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னார். அவர்தான் தன் வாளித் தண்ணீரைக் கொடுத்தார். அத்தை துண்டை நனைத்துப் பிள்ளையின் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, அந்த மேப்பாலேயே விசிறினார். மருத்துவ முறையும் அதுதான், உடம்பை நனைத்துக் காற்று படச் செய்வது. அவனுக்கு நினைவு தெளிவாக இருந்ததால் தப்பித்தோம். குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐத்தான் கூப்பிடவேண்டும்.

வீட்டுக்காரர் கடைக்கு ஓடி, ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்ட டெட்ரா பாக்கெட் வாங்கி வந்தார். நல்லவேளை, பின்பக்கத்தைப் படித்தேன். 200 மில்லியில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்த மாதிரி பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. எங்களுக்கு அது ஐந்து மாதம் தாமதம். மருந்துக்கடையில் கிடைக்கும் பொடிப் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பொடியை எந்தக் கேட்டிலும் பிடுங்கமாட்டார்கள்.

இரண்டரை மணிக்கு வெளியே வந்துவிட்டோம். அதற்கு முன் ஹெல்ப் டெஸ்க்கில் கேட்டேன்.

"மேடம், நான்-ரீஃபண்டபிள்னு டிக்கெட்லயே இருக்கு."

"நாலு ரைடு ஓடாதுன்னு காலையிலேயே தெரியும்தானே, ஏன் விற்றீங்க?"

"ஆன்லைன் புக்கிங் எங்க கண்ட்ரோல்ல இல்லை மேடம்."

"சரி, இதை எழுதிக் கொடுங்க."

"லெட்டர்பேட் இங்க இல்லை மேடம்."

கடைசியில் ஒரு புகார்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, எழுதி, நேரத்தைக் குறித்து, போட்டோ எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். வெளியே பெட்டிக்கடையில் மோர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தோம். இரண்டாவது பாக்கெட்டில் மகன், "அம்மா, அந்தக் கப்பல் ரைடு போகவே இல்லையே" என்றான். உயிர் வந்தது.

ஊருக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். வெளுத்த அட்டை, கூரையில்லாத வரிசை, பூட்டிய அறை, 40 ரூபாய் பாட்டில், எல்லாவற்றுக்கும் போட்டோ இருந்தது. கம்பெனி தரப்பிலிருந்து "வருந்துகிறோம்" என்றார்களே தவிரப் பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பார்க் சென்னைப் பக்கம் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். எனக்குத் திருச்சியே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். ஃபாஸ்ட் ட்ராக்குக்குக் கொடுத்த 3,200 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அந்தச் சிமென்ட் தரையில் நான்தானே மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இந்த லீவுக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால், ஃபாஸ்ட் ட்ராக் வாங்கும் முன் போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: இன்று எந்தெந்த ரைடு ஓடவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை ஃபாஸ்ட் ட்ராக் விற்கிறீர்கள், அந்த வரிசைக்குக் கூரை இருக்கிறதா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அந்த 800-ஐ மிச்சம் பிடித்து, கதவு திறக்கும்போதே உள்ளே போய்ப் பதினொரு மணிக்குள் பெரிய ரைடுகளை முடித்துவிடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போனால் உட்கார எங்கே இடம் என்றும் கேட்டுவிடுங்கள். அத்தை அன்றைக்கு முழு டிக்கெட் வாங்கி ஒரு வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் இலவச டிக்கெட் தருகிறார்களாம். ஐந்து பேருக்கு இரண்டு. வார நாட்களில் மட்டும், 2026 மே 31-க்குள் பயன்படுத்த வேண்டும், ஃபாஸ்ட் ட்ராக் தனி. பிரிண்ட் எடுத்துப் புகார் ஃபைலில் சேர்த்திருக்கிறேன்.