தமிழ்ப் புத்தகம் சிபாரிசு செய்ய குட்ரீட்ஸ் எவ்வளவு உதவும்?

வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திர மதிப்பீடும் விமர்சனமும் போடும் இணையதளம் குட்ரீட்ஸ். 13 வயது முடிந்திருந்தால் அதில் கணக்குத் தொடங்கலாம், காசு கிடையாது. எனவே ஒன்பதாம் வகுப்பு மாணவர் தாராளமாகச் சேரலாம். 2007-இல் தொடங்கி, 2013-இல் அமேசான் வாங்கிய தளம் இது. இங்கிலீஷ் நாவல் படிப்பவருக்கு இங்கே பெரிய தொல்லை இல்லை. பிடித்த தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுத வருபவர்தான் திண்டாடுவார்.

தேடும்போதே சிக்கல் ஆரம்பித்துவிடும். ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும் ரோமன் எழுத்தில் வேறொரு பதிவாகவும் கிடக்கும். ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். ஆசிரியரின் முன்னெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். நாட்டுடைமை நூல் என்றால் கேட்கவே வேண்டாம். 'பொன்னியின் செல்வ'னை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம் என்பதால் பதிப்புகள் குவிந்துவிட்டன. ஐந்து பாகமும் தனித்தனியாக ஒரு பக்கம், முழுத் தொகுதி இன்னொரு பக்கம். இதில் ஆள் நடமாட்டமில்லாத பதிவில் போய் விமர்சனம் எழுதினால் ஒரு கண்ணும் படாது.

ஆகவே தமிழில் ஒருமுறை, ரோமன் எழுத்தில் ஒருமுறை, ஆசிரியர் பக்கத்து நூல்பட்டியல் வழியாக ஒருமுறை என்று மூன்று விதமாகத் தேடுங்கள். அதிகம் பேர் மதிப்பிட்டிருக்கும் பதிவில் எழுதுங்கள். ஒரே நூலின் பதிப்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால் எந்தப் பதிப்பில் எழுதினாலும் விமர்சனம் எல்லாருக்கும் தெரியும். இணைக்காமல் விட்டிருந்தால் தளத்திலேயே இருக்கும் நூலகர் குழுவில் கேட்டால் தன்னார்வலர்கள் செய்து தருவார்கள். நூலே இல்லையென்றாலும் அங்கேதான் கேட்க வேண்டும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண் எல்லாவற்றையும் புத்தகத்தின் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்தே எழுதுங்கள். இந்திய நூல்களில் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 வரும். பழைய தமிழ் நூல் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நட்சத்திரத்தை நம்பிப் புத்தகம் எடுக்காதீர்கள். ஆறு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த நூலுக்குச் சராசரி 5. ஏழாவது ஆள் வந்து ஒன்று போட்டால் 4.43. தமிழ் நூல் பலவற்றின் சராசரி இப்படி ஏழெட்டுப் பேர் கையில்தான் இருக்கிறது. இந்தத் தளத்தின் கணக்கில் மூன்று நட்சத்திரம் என்றாலே 'பிடித்தது' என்றுதான் பொருள். நம் பிள்ளைகள் அதை 60 மார்க் என்று படிக்கிறார்கள்! அரை நட்சத்திரம் போடவும் வழியில்லை.

எனவே எழுத்தில்தான் சொல்ல வேண்டும். 'சூப்பர், கட்டாயம் படிங்க' என்பதை வைத்து வகுப்புத் தோழர் எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை பக்கம், கதை எந்த இடத்தில் சூடு பிடிக்கிறது, வட்டார வழக்கு எவ்வளவு, அது புரிய எத்தனை பக்கம் பொறுக்க வேண்டும், முன்பு எதைப் படித்து ரசித்தவருக்கு இது பிடிக்கும் என்பதை எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். முடிவைத் தொட்டுப் பேசினால், விமர்சனத்தை மறைக்கும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள்.

எழுதத் தொடங்கும் முன் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், உங்கள் சுயவிவரப் பக்கத்தை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். பள்ளிப் பெயர், வகுப்புப் பிரிவு எதையும் சுயவிவரத்தில் போட வேண்டாம்.

குட்ரீட்ஸ் போன்ற இன்னொரு புத்தகத் தளமான ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம்கூடப் போடலாம். வன்முறை போன்றவை பற்றிய முன்னெச்சரிக்கையும் உண்டு. குட்ரீட்ஸ் பட்டியலைக் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிவிடலாம். சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ள எங்கள் ஓட்டு ஸ்டோரிகிராஃபுக்கே. தமிழ் நூலுக்குச் சிபாரிசு எழுத மட்டும், படிக்க ஆளிருக்கும் குட்ரீட்ஸுக்கே வர வேண்டியிருக்கிறது.