சிங்கப்பூரா, கோலாலம்பூரா? குடும்பத்தோடு போகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

வேலைக்காகப் போகிறவர் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் எப்போதும் சிங்கப்பூர்தான் ஜெயிக்கும். அந்தப் பெருக்கலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் வீட்டாரை அழைத்துப்போக முடியுமா என்று பாருங்கள். சிங்கப்பூரில் மாத நிலைச் சம்பளம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால்தான் மனைவி மக்களுக்குச் சார்ந்தோர் பாஸ், அதாவது கூடத் தங்கும் அனுமதி. பெற்றோரும் கூட இருக்க வேண்டுமென்றால் 12,000. மலேசியாவில் வேலை பாஸ் மூன்று பிரிவு. உங்களுக்கு எது, அதில் குடும்பத்தை அழைத்துப்போக இடம் உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வாடகை. சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. முழு வீடு எடுக்கும் வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடும் உண்டு: வட்டாரத்தில் 8%, புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 11%. மலேசியர்களை இது கட்டுப்படுத்தாது, நம்மைக் கட்டுப்படுத்தும். ஒதுக்கீடு நிரம்பிய புளோக் என்றால் உரிமையாளர் சம்மதித்தும் பயனில்லை. சரிபார்க்காமல் முன்பணம் தராதீர்கள். கோலாலம்பூரில் இந்தத் தலைவலி இல்லை, வாடகையும் பல மடங்கு குறைவு. ஆனால் சாவி வாங்கும் நாளில் மூன்றரை மாத வாடகை கையில் வேண்டும்: வைப்புத்தொகை இரண்டு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை.

பலர் இடறுவது வரியில்தான். மலேசியாவில் ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் இருந்தால்தான் உள்நாட்டு வரிவிகிதம். இல்லையென்றால் முதல் ரிங்கிட்டிலிருந்தே 30%. அக்டோபரில் போய் இறங்குகிறவருக்கு அந்த ஆண்டு 182 நாள் தேறாது. ஆண்டு திரும்பும்போது அங்கேயே இருந்து, மறு ஆண்டில் தொடர்ந்து 182 நாள் இருந்தால் முதல் ஆண்டின் அந்தச் சில மாதங்களும் உள்நாட்டுக் கணக்கில் சேரும். கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். இடையில் ஊருக்கு வந்துபோவது மொத்தம் 14 நாளுக்குள் இருக்க வேண்டும். பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

சிங்கப்பூரில் பாஸில் இருக்கும்வரை மத்திய சேமநிதிப் (நம்மூர் பி.எஃப். போன்றது) பிடித்தம் இல்லை. நிரந்தரவாசி ஆனதும் முதல் ஆண்டு சம்பளத்தில் 5%, அடுத்த ஆண்டு 15%, பிறகு 20% போகும். உங்கள் கணக்கில் சேரும் பணம்தான், ஆனாலும் மாதச் செலவுக்கு உதவாது. மலேசியாவில் 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதிக்கு 2% பிடித்தம் வந்திருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முதல் சேர ஏஇஐஎஸ் (AEIS) என்ற வெளிநாட்டு மாணவர் நுழைவுத் தேர்வு, ஆங்கிலமும் கணிதமும். தேறினாலும் இடம் உறுதியில்லை. ஆறாம் வகுப்புக்கு அந்த வழியே கிடையாது. சேர்ந்துவிட்டால் தமிழ் பாடமாகவே கிடைக்கும். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் சேருவது சர்வதேசப் பள்ளியில். வாடகையில் மிச்சமானதை அந்தக் கட்டணம் தின்றுவிடும்.

போக்குவரத்தில் நிலைமை தலைகீழ். சிங்கப்பூரில் கார் எண்ணமே வேண்டாம். கார் வைத்திருக்க வாங்க வேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் மட்டும் 2025இல் சிறிய காருக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) போதும். கோலாலம்பூரில் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு அமையாவிட்டால் கார் வாங்கியே ஆக வேண்டும்.