பால்வீதியின் நடுப் புடைப்பு: கண்ணுக்குத் தெரியும் ஒளியா, அகச்சிவப்பா?

ஆடி மாதம், நிலாவெளிக் கரை. கச்சான் காற்றில் வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. தனுசு ராசிப் பக்கம் ஓடும் கறுப்புப் பட்டையைக் காட்டி மருமகன் கேட்டான்: "மாமா, அதுக்குள்ள வெள்ளியே இல்லையோ?"

"நிறைய இருக்கு தம்பி. தூசுதான் மறைக்குது."

அந்தத் தூசுக்குப் பின்னால், பால்வீதியின் நடுவில் விண்மீன்கள் திரண்டு வீங்கிக் கிடக்கும் புடைப்பை அவனுக்கு வரைபடமாகவே காட்ட நினைத்து, எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய இரண்டு தரவுகளை எடுத்தேன். ஒன்று, சிலியின் லாஸ் கம்பானாஸ் வானோக்கு நிலையத்திலிருந்து வி (கட்புல ஒளி), ஐ (அதைவிடச் சிவந்த ஒளி) வடிகட்டிகளில் எடுத்த ஓகிள் (OGLE) விண்மீன் அளவீடு. மற்றது ஜே, எச், கே அகச்சிவப்புப் பட்டைகளில் 1997 முதல் 2001 வரை முழு வானத்தையும் அளந்த டூமாஸ் (2MASS). கடைசியில் அகச்சிவப்பில்தான் நின்றேன்.

தூசு அகச்சிவப்பை குறைவாக மறைக்கும் என்பது தெரிந்த கதை. பால்வீதி மையத்துக்கு நேரே பார்த்தால் கட்புல ஒளி ஏறக்குறைய 30 பருமன் (விண்மீன் பிரகாசத்தை அளக்கும் அலகு) மங்குகிறது. ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் வந்து சேரும். கே பட்டையில் பத்தில் ஒரு பங்காவது வரும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது தூசைக் கழிக்கும் கணக்கு. ஈலியம் எரிக்கும் ரெட் கிளம்ப் விண்மீன்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம் உடையவை. அவை எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். அதற்கு முன், விண்மீன் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி, தூசு தின்ற ஒளியைத் திருப்பிச் சேர்க்கவேண்டும். சிக்கல் அந்த எண்ணில்தான். வி–ஐ நிறத்துக்கு (இரண்டு வடிகட்டிகளிலும் தெரியும் பிரகாசங்களின் வித்தியாசம்) வழமையாக 1.45 அளவில் எடுப்பார்கள். புடைப்புத் திசையில் அது 1.2 அளவுக்கு இறங்குகிறது. சிவப்பேற்றம், அதாவது தூசால் சிவந்த அளவு, 0.6 பருமன் என்றால் பிழை 0.15 பருமன், தூரத்தில் 7 வீதம். மையம் வரையான 26,000 ஒளியாண்டில் அது 1,800 ஒளியாண்டு!

ஜே–கே நிறத்திலும் சண்டை உண்டு: சிலர் 0.69, சிலர் 0.53. ஆனால் அதே தூசுக்கு அங்கே சிவப்பேற்றம் 0.25 அளவுதான். பிழை 0.04 பருமன், தூரத்தில் 2 வீதம். தூசின் குணம் சரியாகத் தெரியாவிட்டாலும் விடை பெரிதாகக் கெடாது. தூசு திட்டுத்திட்டாகக் கிடக்கும் இடத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஓகிளைக் குறைத்துச் சொல்லமாட்டேன். டூமாஸின் ஒரு படப்புள்ளி 2 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). நெருக்கமான இடங்களில் இரண்டு மூன்று விண்மீன்கள் ஒன்றாக ஒட்டிவிடும். ஓகிள் அவற்றைப் பிரித்துக் காட்டும். முதிய விண்மீன் கூட்டத்தை அடையாளம் காட்டும் ஆர்ஆர் லைரே மாறிகளை (பிரகாசம் ஏறி இறங்கும் விண்மீன்கள்) தேடுவோருக்கு ஓகிளே வழி. புடைப்புத் திசையில் மட்டும் 38,000க்கு மேல் பிடித்திருக்கிறார்கள். 1940களில் வானியலாளர் வால்டர் பாடே, என்ஜிசி 6522 என்ற விண்மீன் கொத்தைச் சுற்றித் தூசு மெலிந்த இடைவெளியில் தேடியதும் அதே மாறிகளைத்தான். பாடேயின் சாளரம் என்று பெயர்பெற்ற அந்த இடத்தில் மட்டும் வேலை என்றால் வி–ஐ போதும்.

நான் செய்துபார்த்ததும் அந்தச் சாளரத்தையும் அதன் அயலையும் மட்டுமே. மையத்துக்கு இன்னும் கிட்டப் போனால் டூமாஸும் நெரிசலில் திணறும், அங்கே 4.1 மீற்றர் விஸ்டா தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த விவிவி (VVV) தரவுதான் சரி. அடுத்த ஆடிக்குள் அதை இறக்கி, மருமகன் விரல் நீட்டிய பட்டையையே வரைந்து கொடுக்கவேண்டும்.